பியர் காய்ச்சுன அன்னிக்கு நான் சொன்ன பொய்

தம்பி,

நல்லா இருக்கியா, ஒடம்பு எப்படின்னு கேட்டு ஆரம்பிக்க எனக்கு இப்பப் பொறுமை இல்ல. நாந்தான் நல்லா இல்ல. நீ போயி மூணு நாளாச்சு, இந்த மூணு நாளா எனக்கு ஒரு எடத்துல ஒக்கார முடியல. மலையில நின்னா கை தேயிலைக் கொழுந்து கிள்ளுது, மனசு வீட்டுல கெடக்கு. நேத்து முத்தல் இலையெல்லாம் சேத்துக் கிள்ளிப் போட்டுட்டேன்னு கங்காணி எல்லாருக்கும் முன்னால கத்துனாரு. முப்பது வருஷத்துல என் கூடையப் பாத்து ஒருத்தரும் வாய தெறந்ததில்ல. இந்தக் கடிதாசியும் இது நாலாவது. மூண கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். போன்ல சொல்லலாமேன்னு கேப்ப. போன்ல ஒங்கப்பா பேர எடுத்தாலே, "சிக்னல் இல்லம்மா"ன்னு வச்சிருவ. நுவரெலியாவுல ஒங்கப்பா பேருக்கு மட்டுந்தான் சிக்னல் இல்லாமப் போகுது. அதனால எழுதுறேன். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ எழுத்து, பிழையப் பாக்காம விஷயத்தப் பாரு.

நீ கெளம்புன அன்னிக்கு சாயந்தரம் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில ஒக்காந்து சப்பாத்துக் கயித்தக் கட்டிக்கிட்டே ஒண்ணு சொன்ன. "கல்யாணத்துல பாதபூசைக்கு மாமாவும் அத்தையும் ஒக்காரட்டும்மா. அவரு கால நான் தொட மாட்டேன். ரொம்பப் பேசுனா பூசையே வேணாம்." இத நீ மெதுவாத்தான் சொன்ன, கத்தக்கூட இல்ல. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்திருப்பேன், அப்படியே தீந்து போயிருக்கும். நீ மெதுவா சொன்னதுதான் எனக்குத் தீராமக் கெடக்கு. அடுத்த மாசம் கல்யாணம். கொட்டகலையிலருந்து சுகந்தி வீட்டு ஆளுங்க எல்லாம் வந்து ஒக்காந்திருப்பாங்க. பெத்த தகப்பன் பந்தக்காலுக்குப் பக்கத்துல நிக்க, மாமன் கால நீ கழுவுவ. அதுக்கு முந்தி நான் ஒனக்கு ஒண்ணு சொல்லியாகணும். இருபது வருஷமா சொல்லாதது. சொல்ல மாட்டேன்னு மாரியம்மன் கோயில்ல கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணது. அந்த அம்மன் என்னைய என்ன செய்யணுமோ செஞ்சுக்கட்டும், அவளும் ஒரு தாய்தானே.

பியர் காய்ச்சுன நாள்லருந்தே வாரேன், இல்லன்னா எனக்கு வரிசையா வராது. நீ லீவுல வந்து எறங்குன, திரீவீல் நெறைய சாமான். பெரிய அலுமினியப் பாத்திரம், மூடி போட்ட வெள்ளை பக்கெட்டு, மூட்டையில ஏதோ தானியம். "கல்யாணத்துக்கு முந்தி கூட்டாளிமாருக்கு ஒரு விருந்தும்மா, நானே பியர் செஞ்சு கொடுக்கப் போறேன், நான் வேலை செய்ற ஹோட்டல்ல தங்கியிருந்த வெள்ளக்காரர் ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டேன்"ன. இந்த வீட்டுலயா, இந்த அடுப்புலயான்னு கேக்க வாயெடுத்தேன். ஒன் மொகத்துல இருந்த சந்தோஷத்தப் பாத்து முழுங்கிட்டேன். ஒங்கப்பா இஸ்தோப்புல நின்னாரு. சாமான ஒரு தடவ பாத்தாரு, மண்வெட்டிய எடுத்து தோள்ல போட்டாரு, மரக்கறித் தோட்டத்துக்குப் போயிட்டாரு. லீக்ஸுக்கு மண்ணு அணைக்கணும்னு முணுமுணுத்தாரு. லீக்ஸுக்கு முந்தின நாளுதான் மண்ணு அணைச்சாரு.

அன்னிக்கு முழுக்க நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியாது. நீ பாட்டுக்கு தானியத்த ஒடச்சு சுடுதண்ணியில ஊறப் போட்டுட்டு, போனுல மணி பாத்துக்கிட்டு, பாட்டு விசிலடிச்சுக்கிட்டு நின்ன. நான் ரோட்டுல ஒரு வண்டிச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போயி எட்டிப் பாத்தேன். பின்கதவ சாத்துனேன், பொகை அடைக்குதுன்னு நீ தெறந்த, மறுபடி சாத்துனேன். "பொலிஸு கிலிஸு வந்துட்டா என்னடா பண்றது?"ன்னு கேட்டதுக்கு சிரிச்ச. "இது பியரும்மா, கசிப்புச் சாராயம் இல்ல. கசிப்பு ஒங்க புருஷன் காய்ச்சுனது"ன்ன. நீ வெளையாட்டாத்தான் சொன்ன. நான் பிளாஸ்க்குல டீய ஊத்திக்கிட்டு தோட்டத்துக்குப் போயிட்டேன். அங்க ஒங்கப்பா பாத்தி ஓரத்துல சும்மா ஒக்காந்திருந்தாரு. "என்ன செய்றான்?"னு கேட்டாரு. "ஏதோ கஞ்சி மாதிரி வடிகட்டுறான்"னேன். "கை சுட்டுக்காமப் பாத்துக்க"ன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. நான் திரும்பி ஓடி வந்தேன். அங்கயும் இங்கயுமா அன்னிக்கு எத்தன நடை நடந்தேன்னு என் முட்டியக் கேட்டாத் தெரியும்.

ஆனா தம்பி, இதையும் மறைக்காம சொல்லிர்றேன். வடிகட்டுன தண்ணி கொதிக்க ஆரம்பிச்சு, கோழித்தீனி மாதிரி பச்சையா இருந்தத நீ அள்ளிப் போட்டியே, அந்த வாசம் வந்ததும் எனக்குள்ள என்னமோ ஆயிருச்சு. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், கை துருதுருன்னு வந்துச்சு. நொரை பொங்கி வரும்போது நீ தெகைச்சு நின்ன, நான் ஒன்னைய தள்ளிவிட்டுட்டு அடுப்பிலருந்து ஒரு கொள்ளிய இழுத்தேன். நொரை அடங்குச்சு. "பரவாயில்லயே அம்மா"ன்ன. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அந்தப் பெருமைதான் என் வாயக் கெடுத்துச்சு.

அப்புறம் ரெண்டு பேருமா பாத்திரத்த பீலிக்கரைக்குத் தூக்கிட்டுப் போயி, கொட்டுற தண்ணியில வச்சு ஆற வச்சோம். ஒன் தெர்மோமீட்டரு கல்லுல விழுந்து ஒடஞ்சது அங்கதான். நீ தலையில கைய வச்சுக்கிட்ட. சூடு கூடிருந்தா ஈஸ்டு செத்துப் போகும், ரொம்ப ஆறிட்டா வேலை செய்யாது, இப்ப என்ன பண்றதுன்னு பொலம்புன. நான் பேசாம இருந்திருக்கலாம். பொறங்கைய பாத்திரத்து வயித்துல வச்சுப் பாத்தேன். "இன்னும் கொஞ்ச நேரம்"னேன். திரும்ப வச்சேன். "இப்பப் போடு. கைக்கு சுடவும் இல்ல, குளுரவும் இல்ல. மேல தூவிட்டு விட்டுரு, கிளறாத, அதுவா எறங்கும்"னேன். நீ நம்பாம போன எடுத்துத் தேடிப் பாத்த. அதுலயும் கிளறாதன்னுதான் போட்டிருந்துச்சு. என்னைய நிமிந்து பாத்து, "ஒங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"னு கேட்ட.

"ஒங்கப்பா காய்ச்சும்போது பாத்தது"ன்னு சொன்னேன். யோசிக்கவே இல்ல, இருபது வருஷப் பழக்கம், தானா வந்துருச்சு. ஒங்கப்பா அப்பத்தான் தோட்டத்துலருந்து வெறகுக் கட்டோட பீலிக்கரை வழியா வந்துக்கிட்டு இருந்தாரு. அவரு காதுல விழுந்துச்சு. நின்னாரு. என்னையப் பாத்தாரு, ஒன்னையப் பாத்தாரு. "ஆமா தம்பி, நான் செய்யும்போது பாத்திருக்கும்"னு சொல்லிட்டு, கட்ட மாத்தித் தலையில வச்சுக்கிட்டு மேல ஏறிப் போயிட்டாரு. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் ஒங்கிட்ட அவரு நேராப் பேசுன பேச்சு அதுதான். நீ என்ன சொன்னன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கும். "வெக்கமில்லாம சொல்றாரு பாருங்க"ன்ன. அவரு ரொம்பத் தூரம் போயிருக்கல தம்பி.

காய்ச்சுனது நான். ஒங்கப்பா இல்ல. ஒரு நாளும் அவரு இல்ல. எழுதிட்டேன். கொஞ்சம் இரு, வாசக் கதவ சாத்திட்டு வாரேன்.

அவரு குடிச்சாரு, அத நான் இல்லன்னு சொல்லல. நீ சின்னப்புள்ளையா இருந்தப்ப பொகவந்தலாவை பஜாருக்குப் போனா தானா திரும்பி வர மாட்டாரு. ஒரு தடவ மழையில ரோட்டோர சாக்கடைக் கானுல விழுந்து கெடந்தாரு. நானும் மேல் லயத்து வீட்டு பாக்கியம் அக்காவும் போயித் தூக்குனோம். ஒடம்பு முழுக்க அட்டை. உப்ப வச்சு ஒவ்வொண்ணா உதுக்கும்போதே முடிவு பண்ணேன். இந்த ஆளு குடிக்கிறத என்னால நிப்பாட்ட முடியாது, ரோட்டுல விழுறதையாவது நிப்பாட்டுறேன், வீட்டுக்குள்ளயே குடிச்சுத் தொலையட்டும்னு. பாக்கியம் அக்காவுக்கு அந்த வேலை தெரியும். அதுகிட்ட கத்துக்கிட்டேன். என்ன புத்தி பாரு. புருஷன வீட்டோட வச்சுக்கிறதுக்கு சாராயம் காய்ச்சுன பொம்பள ஒங்கம்மா. மொதல்ல அவருக்கு மட்டுந்தான். அப்புறம் பக்கத்துக் காம்பரா வீட்டுல கேட்டாங்க, கீழ் லயத்துல கேட்டாங்க. பீலிக்கு மேல காடு மண்டிப் போன பழைய தேயிலைக்குள்ள அடுப்பு போட்டேன். "அந்தக்கா கை சுத்தம், தலவலியே வராது"ன்னு சொல்லுவாங்க. எனக்கு அது இனிச்சுச்சு தம்பி. கொழுந்துல எத்தன கிலோ எடுத்தாலும் ஒருத்தன் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டான். இதுக்கு சொன்னாங்க. நான் ஊத்திக் கொடுத்தத குடிச்சுட்டுப் போயி எத்தன ஆம்பள பொண்டாட்டிய அடிச்சானோ, அந்தச் சத்தம் சொவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். கேட்டும் மறு வாரம் காய்ச்சுனேன்.

பொலிஸு வந்த அன்னிக்கு ஒங்கப்பா காய்ச்சல்னு வேலைப் பெரட்டுக்குப் போகல. நான் அடுப்புகிட்ட நிக்கிறேன், கோடா, அதான் ஊறுன சரக்கு, கொதிக்குது. கீழ ஜீப்பு வந்து நின்னதப் பாத்துட்டு அவரு காய்ச்சலோட மேல ஓடி வந்தாரு. என் கையில இருந்த கழிய புடுங்குனாரு. "குடத்த எடுத்துக்கிட்டு பீலிக்கு எறங்கு. திரும்பிப் பாக்காத"ன்னாரு. நான் எறங்குனேன். தண்ணி புடிக்கிற மாதிரி நின்னேன். "காகெத மேக்க?"ன்னு அவங்க கேக்குறதும், "மகே மாத்தயா, மகே"ன்னு இவரு சொல்றதும் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. யாருதுன்னு கேட்டாங்க, என்னுதுன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைய நான் சொல்லிருக்கலாம். குடம் நெறஞ்சு வழியிற வரைக்கும் நின்னேன். அவரு தலையில அந்தப் பானையத் தூக்கி வச்சு, சட்டையில்லாம லயத்து முன்னால நடத்திக் கூட்டிப் போனாங்க. நீ பள்ளிக்கூடத்துலருந்து வந்த நேரம். ஒம்பது வயசு. நீ பாத்தது அதுதான், அத வச்சுத்தான் நீ அவர அளந்த. ஒம் மேல நான் எப்படிக் குத்தம் சொல்லுவேன்?

நாலு மாசம் கழிச்சு ஜெயிலுலருந்து வந்தாரு. தோட்டத்துல பேரு வெட்டிட்டாங்க, வேலை போச்சு. வந்த அன்னிக்கே நான் சொன்னேன், தம்பிகிட்ட உண்மையச் சொல்லிருவோம்னு. அவருதான் என்னைய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. "அவனுக்குக் கோவம் ஒரு ஆள் மேல இருக்கட்டும். ரெண்டு பேரு மேலயும் கோவம் வந்துட்டா புள்ள யாருகிட்டப் போவான்?"னாரு. நான் அழுதுக்கிட்டே கற்பூரத்த அணைச்சேன். அன்னிலருந்து அவரு ஒரு சொட்டு தொட்டதில்ல. நான் சத்தியம் வாங்கல, அவராத்தான் நிப்பாட்டுனாரு. நீ அதையும் கவனிக்கல. குடிக்காத மனுஷனக் கண்டு யாரு கவனிக்கிறா?

அதுக்கப்புறம் எனக்கு சந்தர்ப்பம் கெடைக்காம இல்ல. "கசிப்புக்காரன் மகன்"னு பள்ளிக்கூடத்துல சொன்னான்னு ஒருத்தனோட சண்டை போட்டு ஒதடு கிழிஞ்சு வந்தியே, வந்ததும் ஒங்கப்பா சாப்புடுற தட்ட எடுத்து கானுல வீசுனியே, அன்னிக்கே சொல்லிருக்கணும். ஒன் முதுகுல ரெண்டு போட்டேன், உண்மையச் சொல்லல. அவரு போயித் தட்ட எடுத்துக் கழுவிட்டு வந்து அதுலயே சாப்புட்டாரு. நான் சோறு போட்டேன். அதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு, இதுதான் எழுதக் கஷ்டமா இருக்கு. எனக்கு இது வசதியா இருந்துச்சுடா. நீ வேலைக்குப் போயி மொத மொதல்ல எனக்கு சேலை வாங்கிட்டு வந்த. அவருக்கு ஒண்ணும் இல்ல. நான் அதக் கட்டிக்கிட்டு தேருக்குப் போனேன். "எங்கம்மா மட்டும் இல்லன்னா நான் எப்பவோ கெட்டுப் போயிருப்பேன்"னு நீ சுகந்திகிட்ட சொன்னியாம், அந்தப் புள்ளையே எங்கிட்ட சொல்லுச்சு. கேட்டுட்டு நான் சிரிச்சேன். அவருக்குச் சேர வேண்டியதையும் சேத்து நானே தின்னுட்டேன் தம்பி. சத்தியம் சத்தியம்னு சொல்லிக்கிட்டது பாதி சாக்குதான்.

சுகந்திய வச்சு ஒண்ணு சொல்றேன், அம்மா புத்தி சொல்றாளேன்னு எரிச்சல் படாத, யோக்கியதை இல்லாதவ சொன்னாலும் விஷயம் விஷயந்தான். ஒருத்தர வீட்டுக்குள்ள புடிச்சு வைக்கணும்னு அவங்க கெட்டதுக்கு நீ தொணை போகாத. நான் போனேன், வெளங்கல. அவ மேல கோவம் வந்தா வாய் விட்டு சண்டை போடு, பாத்திரத்தக்கூட ஒடை, ஆனா எட்டடி தூரத்துல நிக்கிறவள விட்டுட்டு எங்கிட்ட, "அவள தண்ணி கொண்டாரச் சொல்லுங்க"ன்னு சொல்லாத. ஒங்கப்பாவுக்கு நீ அப்படித்தான் செய்ற. அவளுக்காக நீ ஒரு பழிய ஏத்துக்கிட்டாலும் அத அவகிட்ட சொல்லிரு, அவ ஒனக்காக ஏத்துக்கிட்டா அதையும் நீ சும்மா வாங்கி வச்சுக்காத. நான் வாங்கி வச்சுக்கிட்டேன். இந்த வயசுல தூக்கம் வராம அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டு இருக்கேன்.

ஒனக்கு இப்ப எம் மேல ஆத்திரம் வரும். வரட்டும். கத்து. ஒன் பத்திரிகையில எம் பேரப் போட வேணாம்னா போடாத. பாதபூசைக்கு அவரு பக்கத்துல நான் ஒக்காரக் கூடாதுன்னா, பின்னால பந்தியில சோறு போட்டுக்கிட்டு நிக்கிறேன், ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். அவரு ஒக்காரணும். அந்தக் காலு காய்ச்சலோட மேட்டுல ஏறி ஓடி வந்த காலு. நான் எறங்கிப் போனேன், அவரு ஏறி வந்தாரு. எனக்கு ஒண்ணு மட்டுந்தான் பயம். இதப் படிச்சுட்டு, யோசிக்கணும்மா, கொஞ்ச நாள் போகட்டும்மான்னு நீ இழுத்தடிப்ப. ஒன் குணம் எனக்குத் தெரியாதா? மாசம் ஓடிரும், மேளம் வந்துரும்.

அதனால இத தபால்ல போடல. ஒங்கப்பா கையில கொடுத்து அனுப்புறேன். இதுல என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாது. சோத்துப் பருக்கை வச்சு ஒட்டிட்டேன், பிரிச்சுப் பாக்குற ஆளும் இல்ல. கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆளுங்க பேரெல்லாம் எழுதிருக்கேன், அவன் கையில நேரா கொடுங்க, படிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கயே நில்லுங்க, பதில் வாங்காம வராதீங்கன்னு சொல்லிருக்கேன். "எங்கிட்ட வாங்குவானா?"ன்னு கேட்டாரு. "நான் கொடுத்ததுன்னு சொல்லுங்க, வாங்குவான்"னேன். நாளைக்கு ஞாயித்துக்கெழம, மொத பஸ்ஸுல அட்டனுக்கு வந்து, அங்கருந்து நுவரெலியா பஸ் ஏறுவாரு. வெள்ளச் சட்டைய தோச்சுக் காயப் போட்டிருக்காரு.

நீ அவர உள்ள கூப்பிட்டிருக்க மாட்ட. ஹோட்டல் கேட்டுக்குப் பக்கத்துல நின்ன நெலையில பிரிச்சுப் படிச்சிருப்ப. அவரு ரெண்டு எட்டு தள்ளி நின்னு, பேரு ஏதும் விட்டுப் போச்சோன்னு ஒன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பாரு. எனக்கு இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்ல தம்பி. தலைய நிமித்து. இருட்டோட கெளம்புன மனுஷன், இன்னும் ஒரு வாய் டீ குடிக்கல.

அம்மா